நார் மில்லுக்கு ஒரு மூணாவது கூட்டாளி

எங்க ஆபீஸ்ல இப்ப வேலை பாக்குற பிள்ளைக எனக்குப் போன் போட்டா நலம் விசாரிக்கன்னு நெனைச்சிராதீக. "சாப்டீகளாக்கா"ன்னு ஒரு வார்த்தை. அடுத்த வார்த்தையே, "ஒரு பார்ட்டி புதுசா தொழில் ஆரம்பிக்கிறாக. தனி முதலாளியாப் போடவா, பார்ட்னர்ஷிப்பாப் போடவா, இல்ல கம்பெனியா? எதுக்கா நல்லது?" எது நல்லதுன்னா நான் என்னத்தச் சொல்ல? எந்தச் செருப்பு நல்லதுன்னு கேட்டா, காலைக் காட்டுன்னுதான் கடைக்காரனே சொல்லுவான்.

போன வாரம் கூப்பிட்ட பிள்ளை பேச்சோட பேச்சா ஒண்ணு சொன்னா. ஒரே ஆள் நடத்துற கம்பெனி ஒண்ணு பதிவு பண்ணுனாகளாம். 'உங்களுக்குப் பிறகு யாரு'ன்னு அதுல ஒரு கட்டம் கேக்கும். பார்ட்டி டீயைக் குடிச்சுக்கிட்டே ஒரு பேரைச் சொல்லிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிட்டாராம். அவளுக்கு அது ஒரு விசயமே இல்ல. எனக்கு அன்னைக்குப் பூரா வேற வேலை ஓடல. இதே தேனியில அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேக்கவும் முடியாம, கேட்டாலும் பதில் வாங்க முடியாம நாங்க பட்ட பாடு இவளுகளுக்குத் தெரியாது. தெரியட்டும்னுதான் எழுதுறேன்.

நான் அல்லிநகரத்துக்காரி. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணுன கையோட ஆடிட்டர் ஆபீஸ்ல சேந்தேன். மொத அஞ்சாறு வருசம் அடிச்சேன், அடிச்சேன், அடிச்சுக்கிட்டே இருந்தேன். கார்பன் தாள் மை ஒட்டி விரல் நகமெல்லாம் கறுத்தே கெடக்கும். எங்க மாமியா அதைப் பாத்துட்டு, "சோறாக்குற கையா இது"ன்னு மூஞ்சியைச் சுளிக்கும். அப்புறம் கம்ப்யூட்டர் வந்துச்சு, கூட இருந்த பாதிப் பேரு போனாக, நான் தங்குனேன். கடைசியில சீனியர் அசிஸ்டெண்ட்டுன்னு பேரும் பெருசாச்சு, நாற்காலியும் பெருசாச்சு. அதை விட்டா சொல்ல ஒண்ணுமில்ல.

சொல்ல வேண்டியது எங்க சாரைப் பத்தி. ஆடிட்டர்னா சத்தம் போடுவாக, பைலைத் தூக்கி எறிவாகன்னு மத்த ஆபீஸ் கதை நெறைய கேட்டிருக்கேன். எங்க சார் குரலை உசத்தி நான் பாத்ததில்ல. யாரா இருந்தாலும் "வாங்க, உக்காருங்க"தான். ஏலக்காய் வியாபாரி வந்தாலும் அப்படித்தான், இட்லிக் கடை போடுற ஆத்தா வந்தாலும் அப்படித்தான். புதுசா தொழில் தொடங்குறேன்னு யாரு வந்தாலும், எவ்வளவு முதல் போடுறீகன்னு எடுத்த எடுப்புல கேக்க மாட்டாக. "உங்களுக்கு ஒருநாள் முடியாமப் போச்சுன்னா, மறுநா காலையில கதவைத் தெறக்குறது யாரு?" இதுதான் மொதக் கேள்வி. அதுக்கு வர்ற பதிலை வச்சுத்தான் மிச்சமெல்லாம்.

அப்புறம் ஒரு விளக்கம் சொல்லுவாக. எத்தனையோ ஆளுகளுக்கு அதே விளக்கம், ஒரு வார்த்தை மாறாது. தனி முதலாளித் தொழில் சைக்கிள் மாதிரி. செலவு கம்மி, நெனைச்ச சந்துல திருப்பலாம், யாரையும் கேக்க வேண்டாம். ஆனா ஓட்டுறவன் எறங்கிட்டா சைக்கிள் தானா நிக்காது. கடன் வந்தாலும் கடையோட நிக்காது, வீட்டு வாசப்படி ஏறும். பார்ட்னர்ஷிப் ரெட்டை மாட்டு வண்டி. பாரம் கூட இழுக்கும். ஒரு மாடு பள்ளத்துல எறங்கினா இன்னொண்ணும் எறங்கணும், கூட்டாளி போட்ட கையெழுத்துக்கு நீங்களும் பொறுப்பு. கம்பெனி பஸ்ஸு. டிரைவர் மாறுவாக, கண்டக்டர் மாறுவாக, மொதலாளியே மாறுனாலும் பஸ்ஸு பாட்டுக்கு ஓடும். ஆனா எஃப்.சி. காட்டணும், பெர்மிட் காட்டணும், வண்டி ஷெட்டுல நின்னாலும் வருசா வருசம் தாக்கல் பண்ண வேண்டியதைப் பண்ணணும், இல்லன்னா அபராதம். விவசாயிக கூட்டமா வந்தா உற்பத்தியாளர் கம்பெனியையும் சொல்லுவாக. அதுல பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான். அதைச் சொன்ன ஒடனே பெரிய தோட்டக்காரக மெதுவா எந்திரிச்சு, "யோசிச்சுட்டு வாரோம் சார்"னுருவாக.

எல்லாம் சொல்லி முடிச்சா பேனா மூடியை மாட்டுவாக. "நான் சொல்றதைச் சொல்லிட்டேன். தொழில் உங்களுது." ரெண்டாந்தடவை சொல்ல மாட்டாக. கேக்காத புத்தியைத் திணிக்குறது மரியாதை இல்லைங்கிறது அவுக எண்ணம். எனக்கு அது ஆகவே ஆகாது. நான்னா கையைப் புடிச்சு இழுத்து உக்கார வச்சு, கேக்குற வரைக்கும் சொல்லுவேன். ஆனா நாற்காலி அவுகளுது.

பத்திரத்துல கையெழுத்துப் போடுற அன்னைக்கு ஆபீஸே கல்யாண வீடாத்தான் இருக்கும். ராகு காலம் பாத்து, எமகண்டம் பாத்து, முத்திரைத்தாளு நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால வச்சு எடுத்துத்தான் கொண்டாருவாக. வேதக்காரகளும் நல்ல நேரத்தை விட மாட்டாக, சிலுவை போட்டுக்கிட்டே காலண்டரையும் பாப்பாக. நான் பத்திரத்தை வாசிப்பேன். ஒரு எடத்துல மட்டும் வாசிக்க மாட்டேன். கூட்டாளியில ஒருத்தர் காலமானா என்ன செய்யணும்ங்கிற பாராவைச் சார் விரலால தொட்டுக் காட்டுவாக, நான் அடுத்த பாராவுக்குத் தாவிருவேன். தொழில் தொடங்குற நேரத்துல அந்தச் சொல்லு காதுல விழுந்தா ஆளுக எந்திரிச்சே போயிருவாக. அப்படிப் போனவுகளைப் பாத்திருக்கோம்.

மூணு பேரு, நாலு பேரு சேந்த தொழில்னா அந்தப் பாரா போதும். ஒருத்தர் போனா மிச்சப் பேரு நடத்தலாம்னு எழுதி வச்சா நடத்திக்கலாம். ரெண்டே பேருன்னாத்தான் சிக்கல். பார்ட்னர்ஷிப்புக்குக் கொறஞ்சது ரெண்டு பேரு வேணும். ஒருத்தர் போயிட்டா மிச்சம் ஒருத்தரு, அது பார்ட்னர்ஷிப்பே இல்ல. என்னத்த எழுதி வச்சாலும் அன்னைக்கே கலைஞ்சு போச்சு.

முத்தையாவும் சவரிமுத்தும் அப்படி ரெண்டே பேராத்தான் வந்தாக.

உத்தமபாளையத்துப் பக்கம் தென்னை நார் மில்லு போடணும்னு வந்தாக. முத்தையாவுக்குத் தோப்பு இருந்துச்சு, தேங்கா மட்டைக்குப் பஞ்சமில்ல. சவரிமுத்து பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லுல மெக்கானிக்கா இருந்தவரு, மிஷினோட சத்தத்தைக் கேட்டே எங்கன பழுதுன்னு சொல்லுவாரு. ஒண்ணாப் படிச்சவுக. ஒருத்தரை ஒருத்தர் "மாப்ள"ன்னுதான் கூப்பிட்டுக்குவாக, ஒறவுமில்ல, ஒரே சாதியுமில்ல, ஒரே மதமுமில்ல. எங்க ஆபீஸ் பெஞ்சுல ரெண்டு பேரும் தோளு இடிக்க உக்காந்து, ஒரு வடையைப் பிச்சுத் தின்னுக்கிட்டு இருப்பாக. எனக்கு அவுகளை ரொம்பப் புடிக்கும்.

மில்லு போடுற எடம் சொந்தமில்ல. மெயின் ரோட்டோரமா மட்டை கொட்ட, நாரு காயப்போட வசதியான எடம், நீண்ட கால குத்தகை. நெலத்துக்காரரோட வக்கீலு எழுதுன குத்தகைப் பத்திரத்தைச் சார் ஒருக்காப் படிச்சாக, அப்புறம் இன்னொருக்கா படிச்சாக. "முத்தையா, இதுல ஒண்ணு எழுதியிருக்கு. உங்க கூட்டு கலைஞ்சா குத்தகையும் அன்னையோட முடியுது. ஷெட்டைப் பிரிச்சுட்டு எடத்தை ஒப்படைக்கணும்."

"நாங்க ஏன் சார் கலையப் போறோம்?"ன்னு சவரிமுத்து சிரிச்சாரு.

"நீங்களா கலைய வேண்டாம். அதுவா கலையும். அதுனால கம்பெனியாப் போட்டுருங்க. இல்லாட்டி எல்.எல்.பி.ன்னு புதுசா ஒண்ணு வந்திருக்கு, அதுல ஒரு ஆள் கொறஞ்சாலும் வேற ஆளைச் சேக்க ஆறு மாசம் தாங்கும். கம்பெனின்னா இன்னும் நல்லது. கம்பெனிக்குச் சாவு கெடையாது."

எங்க சார் வாயில அந்தச் சொல்லு வந்தது அன்னைக்கு ஒரு நாத்தான். முத்தையா மொகம் சுருங்கிப் போச்சு. "நல்ல காரியம் பேச வந்திருக்கோம் சார்"னாரு. கம்பெனிப் பேச்சு அதோட செத்துச்சு. பெறகு எத்தனை நல்லது சொன்னாலும் அவரு காதுல ஏறல. எல்.எல்.பி.யா, கேள்விப்படாத பேரா இருக்கு, எங்க அய்யா காலத்துல இருந்து பார்ட்னர்ஷிப்புத்தான் சார்னுட்டாரு.

சார் பேனா மூடியை எடுத்தாக. மாட்டப் போறாகன்னு நெனைச்சேன். மாட்டல. அதுவரைக்கும் நான் பாக்காதது அது. "அப்ப ஒண்ணு பண்ணுங்க. கூட ஒரு ஆளைச் சேருங்க. பேருக்கு ஒரு பங்கு கொடுத்தாப் போதும். மூணு பேரா இருந்தா யாருக்கு என்ன ஆனாலும் கூட்டு நிக்கும், மில்லும் நிக்கும்."

"மூணு பேரா?"ன்னு ரெண்டு பேரும் ஒரே குரலாக் கேட்டாக.

நம்ம பக்கத்துல மூணு பேரா ஒரு காரியத்துக்குக் கெளம்ப மாட்டோம். பொண்ணு பாக்கப் போனாலும் சரி, மாடு வாங்கப் போனாலும் சரி. வேற வழியில்லாம மூணு பேரு கெளம்பினா, ஒரு கல்லை எடுத்து மடியில வச்சுக்கிட்டு நாலுன்னு கணக்குச் சொல்லிப் போற ஆளுக நாம. நானே எங்க வீட்டுல மூணு தோசை வைக்க மாட்டேன். தொழிலுக்குக் கூட்டாளி மூணுன்னா எப்படி ஒத்துக்குவாக? சார் அதையும் புரிஞ்சுக்கிட்டாக. "சரி, நாலாப் போடுங்க"ன்னாக.

அங்கன இருந்து ஒரு மணி நேரம் பேரு தேடுற வேலைதான். முத்தையாவோட தம்பியைச் சொன்னாக, அவன் குடிப்பான்னு அவரே வேண்டாம்னாரு. அப்ப என் மச்சினனைப் போடுவோம்னாரு. அவரு பக்கம் ஒருத்தருன்னா என் பக்கமும் ஒருத்தர் வேணும்னு சவரிமுத்து யோசிச்சாரு, நியாயம்தானே. அவருக்கு அண்ணன் தம்பி கெடையாது. சித்தப்பா மகன் ராயப்பன்பட்டியில வாத்தியாரு, அரசாங்க வேலையில இருக்குறவரு தொழில்ல பேரு போடக் கூடாது. சவரிமுத்தோட மச்சினன் குமுளிக்கு அங்கிட்டு எஸ்டேட்டுல, வருசத்துக்கு ஒருக்கா வர்ற ஆளு. நானும் சும்மா இருக்கல, "பெரியப்பா யாரும் இல்லையா? சகலைபாடி?"ன்னு எடுத்துக் கொடுத்துக்கிட்டே இருந்தேன். ஒரு பக்கம் ஆள் கெடைச்சா மறுபக்கம் கெடைக்கல. தராசு சமமாவே வரல. கடைசியில முத்தையா, "நமக்குள்ள மூணாவது, நாலாவது ஆளெல்லாம் எதுக்கு மாப்ள? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விடவா?"ன்னாரு. சவரிமுத்துக்கும் அதான் சரின்னு பட்டுச்சு.

சார் மூடியை மாட்டிட்டாக. "தொழில் உங்களுது."

மில்லு நல்லா ஓடுச்சு. பொய் சொல்லக் கூடாது, அப்படி ஓடும்னு நாங்களே நெனைக்கல. காய்ஞ்ச நாரு கட்டுக் கட்டா லாரியில போகும். ரெண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வேன்ல பள்ளிக்கூடம் போச்சுக. சவரிமுத்தோட சம்சாரம் ஸ்டெல்லாவும் முத்தையாவோட சம்சாரம் லட்சுமியும் அங்கன வேலை பாக்குற பொம்பளைகளுக்கு வாரச் சம்பளம் கொடுக்குறதுல இருந்து மட்டை லோடு எண்ணுறது வரைக்கும் பாத்துக்கிட்டாக. தீவாளிக்கு மில்லுல இருந்து எங்க ஆபீசுக்குப் பலகாரம் வரும், கிறிஸ்துமஸுக்கும் வரும். லட்சுமி சுட்ட அதிரசம், ஸ்டெல்லா போட்ட கேக்கு.

ஒரு நாள் மத்தியானம் மிஷின் பெல்ட்டை மாட்டிக்கிட்டு இருந்த சவரிமுத்து நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. முத்தையாதான் கார்ல தூக்கிப் போட்டு ஓட்டுனாரு. தேனிக்கு வந்து சேரல. சின்னமனூரைத் தாண்டும்போதே முடிஞ்சு போச்சு.

சாவு வீட்டுக்குச் சாரும் நானும் போனோம். நெலத்துக்காரரும் வந்திருந்தாரு, நெசமாத்தான் அழுதாரு. திரும்பி வர்ற வழியில, கார் வீரபாண்டிக்கு வந்தப்ப சார், "இப்பவே ஸ்டெல்லாவையும் முத்தையாவையும் வச்சுப் புதுக் கூட்டு எழுதி, அவருகிட்டப் புதுக் குத்தகைக்குக் கையெழுத்து வாங்கிரணும். அவரு மனசு எளகியிருக்கு"ன்னாக. மறுநாளே முத்தையாவுக்கு நான் போன் போட்டேன்.

"அக்கா, மாப்ள மண்ணு ஈரங்கூடக் காயல. நான் போயி ஸ்டெல்லாகிட்டக் கையெழுத்துப் போடுன்னு நீட்டவா? ஊரு என்ன சொல்லும்? முப்பதாம் நாள் பூசை முடியட்டும்"னாரு.

எனக்குக் கோவந்தான். ஆனா அவரு அழுதுக்கிட்டே சொன்னாரு, நான் போனை வச்சுட்டேன்.

முப்பது முடியுறதுக்குள்ள நெலத்துக்காரரோட மகன் வெளியூர்ல இருந்து வந்துட்டான். ரோடு அகலமாகி எடத்துக்கு மவுசு கூடியிருந்துச்சு, அந்த எடத்துல கல்யாண மண்டபம் கட்டணும்னு அவனுக்கு ஆசை. வக்கீல் நோட்டீசு வந்துச்சு. கூட்டு கலைஞ்சது, குத்தகை முடிஞ்சது, எடத்தைக் காலி பண்ணவும்.

அப்பத்தான் எங்க சார் ஒரு காரியம் பண்ணுனாக. யாருகிட்டயும் எதையும் ரெண்டாந்தடவை சொல்லாத மனுசன், நெலத்துக்காரரு வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போயி, அவரு முன்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னாக. உக்காருங்கன்னு சொல்லியும் உக்காரல.

"ஐயா, ரெண்டு குடும்பம். அதே ஆளுகதான் நடத்தப் போறாக. வாடகையைக் கூட்டிக்கங்க. புதுசா ஒரு பத்திரம் எழுதிக் கொடுங்க."

"நான் அநியாயமா எதுவும் கேக்கலயே சார். எழுதுனதைத்தான கேக்குறேன்?"

"எழுதுனதுதான் ஐயா. அதைத் தாண்டிக் கேக்கத்தான் வந்திருக்கேன்."

பெரியவரு மகனைப் பாத்தாரு. மகன் போனைப் பாத்துக்கிட்டு இருந்தான். "எனக்கு வயசாயிருச்சு சார். இப்ப எல்லாம் மகன் சொல்றதுதான்"னு பெரியவரு சொல்லிட்டாரு. அவரைக் கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். அவரு வீட்டுலயும் யாரு பேச்சு செல்லும்ங்கிறது மாறிப் போயிருந்துச்சு. வெளிய வந்து கார்ல ஏறும்போது சாருக்குக் கைப்பிடி அகப்படல, நான்தான் கதவைத் தெறந்து விட்டேன்.

கோர்ட்டுக்குப் போகலாம்னு சில பேரு சொன்னாக. முத்தையாவுக்குத் தெம்பில்ல. ஷெட்டைப் பிரிச்சாக. மிஷினைப் பழைய வெலைக்கு எடுத்துட்டுப் போனாக. முத்தையா திரும்பத் தோப்புக்கே போயிட்டாரு. "கையில மிஷினு தெரிஞ்சவன் போயிட்டான், எடமும் போச்சு, இனி எங்கிட்டு மில்லு போட"ன்னாரு. ஸ்டெல்லா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போகுதுன்னு கேள்விப்பட்டேன். வேன்ல ஒண்ணாப் போன பிள்ளைக ஆளுக்கொரு ஊருல சேந்துச்சுக. இதெல்லாம் கடன்பட்டுக் கெட்ட கதையா இருந்தா மனசு ஆறும். ஏமாத்திக் கெட்ட கதையா இருந்தாலும் திட்டித் தீத்துக்கலாம். நல்லா ஓடுன மில்லு, ஒருத்தரை ஒருத்தர் நம்புன ரெண்டு பேரு. இன்னைக்கும் அந்த வழியா பஸ்ஸுல போனா நான் வேற பக்கந்தான் பாத்துக்கிட்டுப் போவேன். மண்டபத்து வாசல்ல வாழை மரம் கட்டியிருந்தா வயித்தெரிச்சலா இருக்கு. யாரோ கல்யாணம், அவுக என்ன பண்ணுவாக, இருந்தாலும் எரியுது.

கணக்கு முடிச்சுக் கையெழுத்துப் போட ஸ்டெல்லா ஆபீசுக்கு வந்துச்சு. தொணைக்கு லட்சுமி வந்திருந்துச்சு. முத்தையா வரல, அவரு முன்னாலயே வந்து போட்டுட்டுப் போயிட்டாரு. ஸ்டெல்லா எல்லாத்தையும் நிதானமாப் படிச்சுப் பாத்துத்தான் போட்டுச்சு. போட்டு முடிச்சுட்டு எந்திரிக்கல.

"சார், நான் ஒண்ணு கேக்கலாமா? இது இப்படித்தான் ஆகும்னு அப்பவே தெரியுமா?"

"தெரியும்மா. சொன்னேன். கூட ஒரு ஆளைச் சேக்கச் சொன்னேன்."

"சேத்திருந்தா மில்லு நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும்மா."

"ஏன் சேக்கல?"

நான்தான் சொன்னேன். மூணு ஆகாதுன்னாக, நாலாப் போடலாம்னு தேடுனோம், தம்பியைப் பாத்தோம், மச்சினனைப் பாத்தோம், சித்தப்பா மகனைப் பாத்தோம், ரெண்டு பக்கமும் சமமா ஆள் அமையலைன்னு சொன்னேன்.

ஸ்டெல்லா என்னையே பாத்துச்சு. அப்புறம் பக்கத்துல உக்காந்திருந்த லட்சுமியைப் பாத்துச்சு.

"நானும் இவளும் இருந்தோமே அக்கா"ன்னுச்சு. "அவுக ரெண்டு பேரு, நாங்க ரெண்டு பேரு. நாலுதான?"

கோவமாச் சொல்லல. நெசமாவே புரியாமத்தான் கேட்டுச்சு. லட்சுமிதான் அது தோளைத் தொட்டு, "வா, போவோம்"னு எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போச்சு.

ஆம்பளைகளுக்குத் தோணல, சரி. அன்னைக்கு அந்த ரூம்ல ஒரு மணி நேரம் உக்காந்து, பெரியப்பா இல்லையா, சகலைபாடி இல்லையான்னு எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருந்தது ஒரு பொம்பள. நானும் ஆம்பளப் பேராத்தான் தேடிக்கிட்டு இருந்திருக்கேன்.